எட்டாத பந்துக்கு என் ஷீட்டில் கட்டம் இல்லை

முருகேசன் அண்ணா போய்விட்டார். நேற்றுக் காலை, சாந்த்ராகாச்சி வீட்டில். மாரடைப்பு.

கிரிக்கெட் குரூப்பில் கேப்டன் தபன்தா போட்ட மெசேஜை நாலைந்து முறை படித்தேன். ‘எந்த முருகேஷ்தா?’ என்று டைப் செய்து, அழித்தேன்... எங்களுக்கு இருந்ததே ஒருவர்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வங்காளிகளுக்கு அண்ணன் என்றால் ‘தா’; அவர்கள் வாயில் அவர் முருகேஷ்தா. பாலிகஞ்சில் எங்கள் ஆபீஸ் டீமுக்கு அவர்தான் விக்கெட் கீப்பர். பர்ச்சேஸ் செக்‌ஷன். என்னைவிட மூன்று வயது பெரியவர். நான் ஸ்கோரர். பேட் பிடிக்கத் தெரியாதவனுக்கு டீமில் வேறு என்ன வேலை கொடுப்பார்கள்!

ஆபீஸ் முழுக்க நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ். ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து என் மேஜையைப் பார்த்துத் தென்காசித் தமிழில் கத்துவார். “ஏல மோகன், இவன் போடுதது பாலா, பார்சலா?” பௌலருக்கு ஒன்றும் புரியாது. தன்னைப் பாராட்டுவதாக நினைத்துக் கையைத் தூக்கிக் காட்டுவான்.

நாலு வருடம் முன்பு அமெரிக்க பேஸ்பால் பற்றி நெட்டில் ஒரு கட்டுரை படித்தேன். ஒரு பேஸ்பால் மேட்சைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனாலும் பைத்தியம் பிடித்துவிட்டது.

அங்கே பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பவர் கேட்சர். நம்ம கீப்பருக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அவர் விட்ட பந்தில் அவர் தப்பு எவ்வளவு, போட்டவர் தப்பு எவ்வளவு என்று பிரித்துக் கடைசியில் ஒரே நம்பராக்கிவிடுகிறார்கள். ஓரமாக வரும் பந்தை நைசாக உள்ளே இழுத்துப் பிடித்து, நல்ல பந்துதான் என்று அம்பயரை நம்பவைத்தால் அதற்கும் மார்க்.

கேன்டீனில் இதைச் சொன்னதும் அண்ணாவுக்குப் புரை ஏறிவிட்டது. “களவாணித்தனத்துக்கு மார்க்கால?”

அடுத்த ஞாயிறு மைதானில் அதைச் செய்தும் பார்த்தார்! லெக் சைடில் போன வைடைப் பிடித்து, மெதுவாக ஸ்டம்ப் பக்கம் கொண்டுவந்து, ஆடாமல் அசையாமல் நின்றார். அம்பயர் இரண்டு கையையும் விரித்தபடியே, “முருகேஷ்தா, ஓட்டா கோதாய் நியே ஜாச்சேன்?” என்றார். அதை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று. எல்லோரும் சிரித்தோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் எக்செல்லில் ஒரு ஷீட் போட்டேன். ஸ்கோர்புக் ஓரத்தில் யார் கேட்சை விட்டார் என்று குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மூன்று சீசன் குறிப்பையும் ஏற்றினேன். கலர் வேறு. அண்ணாவின் வரிசை முழுக்கச் சிவப்பு. எப்போதாவது கீப் செய்யும் அர்ணப் பச்சை.

விளையாட்டாகத்தான் தபன்தாவுக்கு அனுப்பினேன்... செமி ஃபைனல் லிஸ்ட்டில் அண்ணா பெயர் இல்லை.

மறுநாள் என் சீட்டுக்கு வந்தார். “ஷீட்டக் காட்டு.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“கையில பட்டு விழுந்தா ட்ராப்னு எழுதிருக்க. சரி. கைக்கு எட்டாமப் போற பால எங்கல எழுதுத?”

“அது... எழுதறதில்லைண்ணா.”

“அர்ணப் இருந்த இடத்த விட்டு அசையவே மாட்டான். நான் விழுந்து விரல் நுனியில தொட்டா, அது என் தப்பா?”

கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. திருத்திவிடுகிறேன் என்றேன். திருத்தவில்லை. சோம்பேறித்தனம் பாதி, நம்பர் பொய் சொல்லாது என்ற திமிர் பாதி.

அந்த செமி ஃபைனலுக்கு வந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். அதன்பிறகு மைதானுக்கு வரவில்லை. கேட்டால், “முடியல மோகன்” என்பார். என் மேல் வருத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மெசேஜ் வந்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? அந்த ஃபைலைத் திறந்தேன். அர்ணப் எட்டாமல் விட்ட பந்துகளை ஞாபகத்திலிருந்து சேர்த்தேன். அண்ணா பச்சை. பௌலர் வாரியாகப் பிரித்தேன், மறுபடி சிவப்பு. கடைசி சீசனை எடுத்துவிட்டால் எப்படிப் பார்த்தாலும் பச்சை. கடைசி சீசனை மட்டும் எடுத்தால் எப்படிப் பார்த்தாலும் சிவப்பு. ஏன் என்று தெரியவில்லை. ஒருவர் இறந்த அன்று இதையா செய்வது என்றும் தெரியவில்லை.

இன்று வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வைப்பீங்களாமே தம்பி. முட்டி வலின்னுதான விளையாட்ட விட்டாவ. தினமும் நான்தான் தைலம் தேய்ச்சு விட்டேன். கிரவுண்ட்ல ரொம்ப நொண்டுவாவளா? எங்கிட்ட எதையும் முழுசாச் சொல்லமாட்டாவ...”

முட்டியா? அவர் நொண்டி நான் பார்த்ததே இல்லை. டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் சொல்ல முடியாமல் முட்டி மேல் பழியைப் போட்டாரா? இல்லை, நிஜமாகவே வலித்ததா? அந்த வலியோடுதான் அந்த சீசன் முழுக்க விழுந்து பிடித்தாரா? ஒன்றும் பிடிபடவில்லை. இனி யாரிடம் கேட்பது?

“ஆமா அண்ணி... கொஞ்சம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “நல்லவேளை, விட்டாவ” என்றார்.

அண்ணி முகநூலில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போய் வாங்க அண்ணா. உங்களை டீமிலிருந்து எடுக்கவைத்தது நான்தான் என்று அண்ணியிடம் நானும் சொல்லவில்லை.