பாதித் தோட்டத்துக்கு யூரியா

சின்னமனூருக்கு வெளியே இருக்கிற எங்கள் தோட்டத்தில், அந்த வருடம் மக்காச்சோளத்துக்கு எவ்வளவு யூரியா என்பதை நான் முடிவு செய்வதாகப் பேச்சு. பேச்சு என்றால் சண்டை. அண்ணனுக்கு யூரியா என்றால் கை நிற்காது. பயிர் கருகருவென்று இருந்தால்தான் தூக்கம் வரும். மண்ணைப் பரிசோதித்து, அதில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துவிட்டுப் போடலாம் என்றேன். ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. இந்த வெள்ளாமை சறுக்கினால் தோட்டம், வாழை போடக் கேட்டுக்கொண்டே இருக்கிற வாழைக்காரருக்குக் குத்தகைக்குப் போய்விடும். அப்புறம் நான் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்க வேண்டியதுதான். நினைத்தாலே எரிச்சலாக வந்தது.

மண் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது அண்ணன். யூரியா தருகிற தழைச்சத்து மண்ணில் ஏற்கெனவே நிறைய இருப்பதாக முடிவு வந்தது. யூரியாவைப் பாதியாகக் குறைத்தேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பயிர் இடுப்பளவு வந்தபோது அடியிலைகளில் மஞ்சள் தெரிந்தது. நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியாக உள்ளே இறங்கியிருந்தது. தழைச்சத்து போதாமல்தான் இலை அப்படி ஆகும். மறுநாள் காலை அண்ணன் யூரியா மூட்டைகளோடு வந்து இறங்கினார். சாயங்காலம் வாழைக்காரரை வரச் சொல்லியிருப்பதாக மட்டும் சொன்னார்.

தோட்டம் முழுக்க வீசிவிடுவது அவர் திட்டம். நான் வரப்பில் குறுக்கே நின்றேன். மஞ்சள் மேற்குப் பாதியில் மட்டும்தான். கிழக்கே நல்ல பச்சை. அதற்கு மேலும் கொடுத்தால் சோளத்தட்டை நெட்டையாக வளரும். ஆடிக் காற்று இந்தப் பக்கம் அடிக்கிற அடிக்கு மொத்தமும் படுத்துவிடும். சொன்னேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை. கூடையில் யூரியாவை அள்ளிக்கொண்டு கிழக்கே நடந்தார்.

பின்னாலேயே ஓடினேன். பச்சையும் மஞ்சளும் பிரிகிற இடம் கயிறு பிடித்த மாதிரி நேராக இருந்தது. எந்த நோயும் இப்படிக் கோடு போட்டு வராது. அப்போதுதான் பங்குனியில் ஆட்டுக்கிடை போட்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மேற்கே கத்தரிச் செடி நின்றது. ஆடுகளை ராத்திரியில் அடைத்தது கிழக்கில் மட்டும். புழுக்கையும் மூத்திரமும் அந்தப் பாதிக்குத்தான் கிடைத்தன.

“அண்ணே, சோதனைக்கு மண்ணு எங்கன எடுத்தீக?”

அவர் நின்றார்.

“இங்கனதேன், கெழக்க. கத்தரியப் பிடுங்குன பெறகு மேக்க இறுகிக் கெடந்துச்சு. மம்பட்டி எறங்கல.”

பல இடத்தில் தோண்டிக் கலந்து எடுக்கச் சொல்லியிருந்தேன். கோபத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கோட்டை மேலும் கீழும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூடையோடு மேற்கே திரும்பினார். மதியம் வரை இருவரும் அந்தப் பாதிக்கு மட்டும் வேரோரமாக யூரியா வைத்துத் தண்ணீர் கட்டினோம்.

வைத்த அன்றே மஞ்சள் மறையுமா? சாயங்காலம் வந்த வாழைக்காரர் அதைத்தான் முதலில் பார்த்தார். பயிர் போய்விட்டதே என்று ரொம்ப வருத்தப்பட்டார்; குத்தகையை இன்றைக்கே பேசி முடிக்கலாம் என்றார். நான் மோட்டார் ரூம் பக்கத்தில் நின்றேன். தங்கச்சி கணக்கு தப்பிவிட்டது என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“மண்ணெடுத்ததுல தப்பு என்னோடது. தோட்டத்தப் பாக்குறது தங்கச்சி. குடுக்குதா இல்லையான்னு அதுகிட்டக் கேளுங்க.”

கொடுப்பதாக இல்லை என்றேன். நான் சொன்ன சத்தம் பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்டிருக்கும்.