சந்தாவை வாங்கிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டார்கள்

பாரிசில் இருக்கும் என் தங்கை, லீவுக்கு வந்தபோது ஒரு வீடியோ கேம் பெட்டியை நெல்லித்தோப்பில் எங்கள் டிவியில் மாட்டிவிட்டுப் போனாள். அவள் அங்கே, நான் இங்கே. ஞாயிறுதோறும் ஆன்லைனில் சேர்ந்து, ஒரு கேமுக்குள் வீடு கட்டி, தோட்டம் போட்டு, ஊர்க்கதையெல்லாம் பேசுவோம்.

ஆன்லைனில் ஆடுவதற்கான சந்தா அவள் கார்டில் போகும். மெயில் எனக்கு வரும். அந்த நாட்டுக் கணக்கு என்பதால் எல்லாமே பிரெஞ்சு. விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுவேன். எதிர்வீட்டில் பிரெஞ்சு அரசு பென்ஷன் வாங்கும், பிரெஞ்சு படிக்கத் தெரிந்த மாமா இருந்தும் காட்டியதில்லை.

போன மாதம் ஒரு வருடச் சந்தாவைத் தானாகவே எடுத்தார்கள். அடுத்த ஞாயிறே தங்கை போனில் அழுதாள். "அக்கா, நம்ம வூட்டுக்குள்ள போவ முடியலக்கா!"

கம்பெனியிடம் கேட்டாள். அந்த கேமின் சர்வரை மூடிவிட்டார்களாம். மெயிலில் முன்பே சொன்னார்களாம். பணம் திரும்ப வராதாம். டிஸ்க் இருப்பதால் தனியாக ஆடிக்கொள்ளலாமாம்! மூடப்போவது தெரிந்தே ஒரு வருடத்துக்கு வாங்கியவர்களை என்னவென்று சொல்வது?

தானாகப் பணம் எடுப்பதை இப்போது நிறுத்திவிட்டோம். எந்த மெயில் வந்தாலும் மாமாவிடம் காட்டிவிடுகிறேன்.

நேற்றும் அந்தக் கம்பெனியிடமிருந்து ஒன்று வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "உன் சிநேகிதங்களையும் சேர்த்துவுடச் சொல்றாம்மா."

"எங்க சேக்கறது மாமா? எங்க ரெண்டு பேரையே வெளிய தள்ளிட்டானுங்களே!" என்றேன்.