விண்வெளி நிலையம் பார்க்கக் கிளம்பி ஷா ஆலத்தில் நின்ற பயணம்

இந்நேரத்தில் பதிவு போடுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

யாழினிக்கு ஆறு வயது. சில மாதங்களாக, இருட்டினால் கதவு நிலையில் முட்டிக்கொள்கிறாள். விழித்திரையில் கோளாறு இருக்கலாம், அப்படியிருந்தால் இரவுப் பார்வைதான் முதலில் போகும் என்றார் டாக்டர். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. பள்ளியில் கேட்டுவிட்டு வந்து அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான்: வானத்தில் போகும் விண்வெளி நிலையத்தைப் பார்க்க வேண்டும். கண் தெரியும்போதே காட்டிவிட நினைத்தேன்.

ஞாயிறு மாலை 7.52க்கு அது நம் தலைக்கு மேல் கடக்கும் என்று செயலி காட்டியது. அதற்குச் சொந்த ஒளி கிடையாது. கீழே இருட்டி, மேலே அதன்மீது வெயில் படும் நேரத்தில்தான் தெரியும். நாங்கள் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் கட்டடங்கள் மறைக்கும் என்பதால் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, போர்ட் கிள்ளான் கடலோரம் போக முடிவு. ஓட்டுநரோடு கார் வாடகை 68 வெள்ளி (ரிங்கிட்).

நாலரைக்கே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். டாக்டர் அப்படிச் சொன்னதிலிருந்து, யாழினி விஷயத்தில் எதையும் நான் ராகு காலத்தில் தொடங்குவதில்லை. ஆறு அடித்த பிறகே அவளுக்குச் செருப்பு மாட்டினேன். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏதோ விபத்து. வண்டிகள் ஊர்ந்தன.

நிலையம் பார்க்கப் போகிறோம் என்றதும், கார் ஓட்டிய அங்கிள் பேச்சுக் கொடுத்தார். "எவ்ளோ உயரம்மா அது?"

"நானூறு கிலோமீட்டர் அங்கிள்."

"இங்கேருந்து அலோர் ஸ்டார் போற தூரம்கூட இல்லியே. எப்படி மேலயே நிக்குது?"

"நிக்கல, விழுந்துகிட்டேதான் இருக்கு. அங்கயும் பூமி இழுக்குது. ஆனா மணிக்கு இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் வேகத்துல பக்கவாட்டுல ஓடுது. அது விழ விழ, பூமியும் கீழ வளைஞ்சு போயிடுது. அதான் தரையில மோதறதில்ல. ஒன்றரை மணி நேரத்துல உலகத்தையே சுத்திடும்."

"நம்ம ஒன்றரை மணி நேரமா ஷா ஆலத்தையே தாண்டல லா."

யாழினி சிரித்தாள். பிறகு கேட்டாள், "எப்பவுமே விழாதாம்மா?"

அவ்வளவு உயரத்திலும் கொஞ்சம் காற்று உரசும், வேகம் குறைந்து மெல்ல இறங்கும், அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தள்ளுவார்கள் என்றேன்.

"தள்ளலன்னா?"

கைபேசியில் மணி பார்த்தேன்.

7.50க்கு அங்கிள் ஷா ஆலத்திலேயே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு கடை வரிசையின் முன்னால் நிறுத்தினார். சுற்றிலும் தெருவிளக்கு. வடமேற்கிலிருந்து வந்தது, மினுங்காத வெள்ளைப் புள்ளி, அவ்வளவு பிரகாசம்.

"அதோ பாரு கண்ணு, என் விரலுக்கு நேரா," என்றார் அங்கிள்.

அவள் அவர் விரலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நிலையம் தென்கிழக்கே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே, "பார்த்துட்டேம்மா," என்றாள்.

"தெருவிளக்கு வெளிச்சம்மா, அதான்," என்றார் அங்கிள், அவள் காதில் விழாமல். அவளுக்குத் தெரியாததற்குக் காரணம் விளக்கா, கண்ணா? இருட்டில் நின்றிருந்தால் எதுவென்று தெரிந்திருக்கும். அதைத்தான் நான் ராகு காலத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: மொத்தமே ஆறு நிமிடம்தான். ஒரு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். வானில் உயரமாகக் கடக்கும் நாளாகப் பாருங்கள். நல்ல நேரம் பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

புதன்கிழமை மாலை மறுபடி கடக்கிறது. கிள்ளான் பக்கம் விளக்கே இல்லாத, குழந்தையோடு பயமில்லாமல் நிற்கக்கூடிய திறந்தவெளி வேண்டும். அங்கேயும் அவளுக்குத் தெரியாவிட்டால் டாக்டரின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போகத்தான் வேண்டும். இடம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.