பல்செட்டுக்காரியும் பளிங்கு வீரனும்

எங்கள் தெருவில் பாதிப் பேர் சிரிப்பது அவள் தயவில்தான். பல்செட்டுக்காரி என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். அவள் செய்த செட் ஈறோடு கவ்விக்கொள்ளும். கழற்றினால் ஒரு கீறல் இருக்காது. "என் கையால புண்ணான வாய் ஒண்ணு காட்டுங்க, தொழிலையே விட்டுடுறேன்" என்பாள். தலைக்கனம்தான். வேலை தெரிந்தவளின் தலைக்கனம் என்பதால் எனக்குப் பிடிக்கும்.

ஒருநாள் காலை அவளுடைய அண்ணன் மூச்சிரைக்க வந்தார். பிரார்த்தனைக் கூடத்தின் காவலாளி அவர். அங்கே முந்நூறு வருடத்துப் பளிங்கு வீரன் ஒருவன் உடம்பில் பொட்டுத் துணியில்லாமல் நிற்கிறான். முன்பிருந்த குருமார்களில் ஒருவர் இடுப்பில் தகர இலையை ஆணியடித்து மாட்டினார். இன்னொருவர் சுண்ணாம்பு பூசினார். ஆளுக்கொரு ஞானோதயம். பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போதைய குரு அந்த உறுப்பையே ஒரேயடியாகச் செதுக்கி எடுத்துவிடச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கொத்தனார் உளியோடு வருகிறார்.

"தினமும் துடைக்கிறவன் நான். என்னால பாத்துட்டு நிக்க முடியாதும்மா" என்று அண்ணன் அழுதேவிட்டார்.

"அழாதீங்கண்ணே. கதவை மட்டும் திறந்து விடுங்க, அளவெடுக்கணும்."

சிலையின்மேல் மெல்லிய தாளைப் போர்த்தி, அளவெடுக்கும் பசையை அப்பினாள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா துடைக்கிறீங்க, இன்னிக்கென்ன புதுசா வெக்கம்?"

மூன்று நாள் உட்கார்ந்து, துணி மடிப்புப் போல ஒன்றைச் செய்து மாட்டினாள். ஆணி இல்லை, பசை இல்லை. இடுப்பையும் தொடையையும் கவ்விக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை குரு அதை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கொத்தனார் பக்கத்திலேயே காத்திருந்தார்.

"கழலுமா?" என்றார் குரு.

கழலாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினார். அவளுக்குத் தன் வேலையைப் பற்றிப் பொய் சொல்ல வராது.

"வழி தெரிஞ்சவங்க கழட்டலாம், ஐயா."

"அப்ப உளிதான் சரி."

"முப்பது வருஷமா பல்லு வெச்சுக் குடுக்கிறேன். வர்றவங்க எல்லாரும் ஒண்ணுதான் கேக்கிறாங்க, பிடுங்கினதையே திரும்ப வைக்க முடியாதான்னு. என்னால முடியாதுங்க. உங்களுக்கு அடுத்து வர்றவர் அதையே கேட்டா, எங்கண்ணன் என்ன பதில் சொல்லுவார்?"

குரு தன் பல் விழுந்த இடத்தை நாக்கால் தடவிக்கொண்டார்.

"கொத்தனாரே, நீங்க கிளம்புங்க" என்றார்.