உயிர்ச் சான்று தேவைப்படாத கர்னல்

நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்கள் என்று கடைசியாக யாரிடம் நிரூபித்தீர்கள்?

சிரிக்காதீர்கள். சீரியஸாகத்தான் கேட்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கூட்டமே அதை நிரூபித்துவிட்டுப் போகிறது. வண்ணார்பேட்டையில், பஸ் ஹாரனுக்கும் பரோட்டாக் கல் சத்தத்துக்கும் நடுவே இருக்கிற நம்ம இ-சேவைக் கடைதான் இடம். (பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு — எம்.ஏ. முடித்துவிட்டு ஊருக்கெல்லாம் ஆதார் திருத்துகிற ஆள் நான்.) பென்ஷன் வாங்குகிறவர்கள் நவம்பர் வந்தால் லைஃப் சர்டிபிகேட் போட வேண்டும். மெஷினில் விரலை வைக்க வேண்டும். பச்சை லைட் எரிந்தால் ஆள் இருக்கிறார். சிவப்பு எரிந்தால்... இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. காலையிலேயே பட்டாளத்துக் கூட்டம் வந்துவிட்டது. ஆறு பேர். எல்லாரும் பாளையங்கோட்டைக்காரர்கள், ராணுவத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி சுபேதார் அண்ணாச்சி. எழுபதை நெருங்குகிற வயசு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. விரலை வைத்தார். சிவப்பு. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"என்னம்மா சொல்லுது?"

"நீங்க போயாச்சுன்னு சொல்லுது அண்ணாச்சி."

"அப்பம் வீட்டுக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிரு. அவ ரொம்ப நாளா காத்துக் கெடக்கா."

பெஞ்சில் இருந்து ஒரு குரல்: "ஏவே, நீரு போயி எத்தன வருசமாச்சு? மெஷினுக்கு இன்னைக்கித்தான் தெரிஞ்சிருக்கு!"

கடையே சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக் கதவு திறந்தது.

சிரிப்பு நின்றது. பைய அடங்கவில்லை... கரண்ட் போன மாதிரி நின்றது.

உள்ளே வந்தவர் கர்னல். அவர் பின்னாலேயே ஒரு கட்டு ஃபைலைச் சுமந்துகொண்டு எஸ்தர் — என் சித்தி மகள். வள்ளியூர்க்காரி, இருபத்தொரு வயசு. போலீஸ் எஸ்.ஐ. ஆகியே தீருவது என்று எங்கள் வீட்டில் தங்கி, கர்னல் நடத்துகிற அகாடமியில் பயிற்சி எடுக்கிறாள். விடியற்காலை ஓட்டம், பிறகு நீளம் தாண்டல், மத்தியானம் கிளாஸ். இந்தத் தடவையும் கிடைக்கவில்லை என்றால் வள்ளியூருக்குத் திரும்பிப் போய் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி நீட்ட வேண்டும். சித்தி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

கர்னலை நானும் அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். ஆறடி, வெள்ளை மீசை, இரும்புக் கம்பியை முழுங்கிய முதுகு. அகாடமி காம்பவுண்ட் சுவரில் ஆளுயர நீல எழுத்தில் 'கர்னல்' என்று இருக்கும். பெயர் கீழே பொடியாகத்தான். பெயர் யாருக்கு வேண்டும்? அந்தச் சுவரைப் பார்த்தே பாதி ஊர் வணக்கம் வைக்கும்.

பட்டாளத்து ஆட்களைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். ஒரு கேப்டன் வந்தாலே மூட்டுவலியோடு எழுந்து நிற்பார்கள். அப்படி என்றால் கர்னலுக்கு?

ஒருத்தரும் அசையவில்லை. ஒருவர் ஃபேனைப் பார்த்தார். ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். அவமதிப்பது மாதிரிகூட இல்லை. கதவு காற்றில் திறந்தது, உள்ளே யாரும் வரவில்லை — அது மாதிரி.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "சார், வந்தது வந்தீங்க... உங்க லைஃப் சர்டிபிகேட்டையும் போட்டுருவோமா?"

அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். "எனக்கு அது தேவைப்படாதும்மா."

பிள்ளைகளின் விண்ணப்பங்களை அப்லோட் செய்யக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். போகும்போது எஸ்தரிடம், "சனிக்கிழமை நாலு மணிக்கு இன்டர்வியூ பிராக்டிஸ். தனியா வா. கூட்டத்துல வெச்சுப் பேசினா கூச்சம் போகாது."

கதவு மூடியது. சுபேதார் அண்ணாச்சி மறுபடியும் விரலை வைத்தார்.

பச்சை.

கூட்டம் கலைந்த பிறகும் அந்தப் பதில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. செக்யூரிட்டி வேலை பார்க்கிற முன்னாள் சிப்பாய்க்குத் தேவைப்படுகிற சான்று, ஒரு கர்னலுக்கு எப்படித் தேவைப்படாமல் போகும்? பிரிண்ட் அவுட்டுக்காகக் காத்திருந்த சுபேதார் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"பென்சன் வாங்கினாத்தான அதெல்லாம்?"

"கர்னலுக்கு பென்ஷன் கிடையாதா?"

"யாரு கர்னலு?" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். பட்டாளத்தில் அந்த ஆளுக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரி. வயசில் எஸ்தரைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். "ரிப்போர்ட் பத்திப் பேசணும், தனியா வான்னு கூப்பிட்டிருக்காரு..." அதற்கு மேல் அண்ணாச்சி சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண் புகார் கொடுத்தாள். மிரட்டினார்கள், பின்வாங்கவில்லை. கோர்ட் மார்ஷல் நடந்தது. குற்றம் நிரூபணம் ஆனது. ராங்க் போனது, பென்ஷன் போனது, ஜெயில் கிடைத்தது. முன்னாள் ராணுவத்தினர் அட்டைகூட இல்லை. பட்டாளத்துக் கேன்டீனில் ஒரு சோப்பு வாங்க முடியாது. அவர் ஓய்வு பெற்ற கர்னல் இல்லை, முன்னாள் கர்னலும் இல்லை. கர்னலே இல்லை.

தனியா வா. எனக்கு அந்த இரண்டு வார்த்தை மட்டும்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு இது எப்பம் தெரியும் அண்ணாச்சி?"

"அந்தாளு ஊருக்கு வந்த அன்னைக்கே தெரியும்."

"பொறவு ஏன் ஒருத்தருட்டயும் சொல்லல?"

"தலை முழுகியாச்சும்மா. நாங்க ஆறு பேரும் குறுக்குத்துறைக்குப் போயி ஆத்துல முங்கி எந்திரிச்சோம். எங்களைப் பொறுத்தமட்டுல அந்தாளு செத்தாச்சு. செத்தவனைப் பத்திப் பேசுவாவளா? பட்டாளத்துக்கும் அசிங்கம்லா."

என்ன சொல்ல? தாமிரபரணி நல்ல ஆறுதான். முங்கினவனைச் சுத்தமாக்கி அனுப்பும். ஆனால் முங்கிய விஷயத்தை ஊருக்குச் சொல்லாது! ஆறு நல்ல மனிதர்கள் தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் சாகடித்த ஆள் ஒரு காம்பவுண்டை வாடகைக்குப் பிடித்து, செத்துப்போன ராங்கைச் சுவரில் எழுதி, பெண்பிள்ளைகளுக்குக் கிளாஸ் எடுக்க ஆரம்பித்தார். நம்ம ஊரும் லேசுப்பட்டதா? ஒரு தடவை 'ஏட்டய்யா' ஆனவர் செத்து, பேரன் தலையெடுத்த பிறகும் அது ஏட்டய்யா வீடுதான். ராணுவம் பறித்ததை ஊரே சேர்ந்து திருப்பிக் கொடுத்துவிட்டது. செத்தது தெரியாமல் பழைய பேரில் நடமாடுவதற்கு வேறு பேர் இருக்கிறது. எழுத வேண்டாம்... உங்களுக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் எஸ்தரிடம் சொன்னேன். நம்பவில்லை.

"யாராச்சும் பொறாமையில சொல்லியிருப்பாவ."

"ஏட்டி, தனியா வான்னு சொன்னாருல்லா..."

"இன்டர்வியூன்னா தனியாத்தான் கூப்பிடுவாங்க. பந்திக்கா கூப்பிடுதாவ, கூட்டமாப் போறதுக்கு? அவரு ஒரு வார்த்தை சொன்னா செலக்சன்ல மதிப்பாங்களாம்."

"யாரு சொன்னா?"

"அவருதான் சொன்னாரு. போக்கா... நீ பேப்பர்ல எழுதுதவ. உனக்கு எல்லாத்துலயும் ஒரு கதை வேணும்."

சனிக்கிழமை மத்தியானம் சுபேதார் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். நான் சொன்னால் கதை. அவர் சொன்னால் சாட்சி.

"செத்தவன் வாசல்ல எனக்கு என்னம்மா வேலை?"

"உங்களுக்குத்தான் அண்ணாச்சி செத்தாரு. எஸ்தருக்கு இன்னும் சாகல."

உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கிரவுண்டில் பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி எஸ்தர் ஆபீஸ் ரூம் வாசலில் நின்றாள். உள்ளே இருந்து அவர் வந்தார். எங்களைப் பார்த்தார்.

"சுபேதார் சாப்!"

அது கூப்பிடுகிற குரல் இல்லை. பரேடு குரல்.

அண்ணாச்சியின் குதிகால் இரண்டும் டக்கென்று சேர்ந்தன. முதுகு நிமிர்ந்தது. வலது கை தானாக மேலே எழும்பி, நெற்றிக்குப் பாதி வழியில் நின்றது. நான் அவர் கண்ணைப் பார்த்தேன். பயந்துபோயிருந்தார். காலும் அவருடையது, கையும் அவருடையது. தூக்கியது மட்டும் வேறு யாரோ.

"பாத்தியா எஸ்தர்? இதுக்குப் பேர்தான் டிசிப்ளின்" என்று அவர் சிரித்தார்.

கை அந்தரத்திலேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அண்ணாச்சி இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்து, முரண்டு பிடிக்கிற ஆட்டை இழுப்பது மாதிரி, கீழே இழுத்தார்.

"மிஸ்டர்" என்று ஆரம்பித்து அவர் பெயரைச் சொன்னார். வெறும் பெயர். அந்தக் காம்பவுண்டுக்குள் அது ஒலித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"எம்மா, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இவரு கர்னல் இல்ல. ஒரு பொம்பளப் பிள்ளைக்குப் பண்ணக்கூடாததைப் பண்ணி, பதவியப் பறிச்சு ஜெயில்ல போட்ட ஆளு. எனக்கு இது முன்னமே தெரியும். சொல்லாம இருந்தது என் தப்பு."

எதிரே நின்றவர் முகத்தில் கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. காலி செய்துவிட்டுப் போன வீட்டின் ஜன்னல் மாதிரி இருந்தது.

எஸ்தர்தான் பேசினாள். "சார், உங்க எக்ஸ்-சர்வீஸ் கார்டக் காட்டுங்க சார். நாங்க எல்லாரும் சர்டிபிகேட்டைக் காட்டித்தான சேந்தோம்?"

அவர் ரூமுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

பஸ்ஸில், இறங்குகிற ஸ்டாப்புக்கு முன்னால் எஸ்தர் சொன்னாள்: "அக்கா... அந்தத் தாப்பா புதுசு. போன வாரம்தான் போட்டாரு. நான் நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். எஸ்தர், அண்ணாச்சி, நான், கிரவுண்டில் இருந்த பிள்ளைகளில் நாலு பேர். மனு நம்பர் வந்திருக்கிறது. எஸ்தர் வேறு கிரவுண்டில் தனியாக ஓடுகிறாள். அண்ணாச்சியின் மற்ற ஐந்து சிநேகிதர்களும் அவரோடு பேசுவதில்லை. செத்தவனைத் தோண்டி எடுத்துவிட்டாராம்.

அகாடமி ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது. பிறகு திறந்துவிட்டார்கள். தண்டனை முடிந்த ஆள் பாடம் நடத்துவதற்குத் தடை ஏதாவது இருக்கிறதா, கேட்டுச் சொல்கிறோம் என்று கலெக்டர் ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். சுவரில் 'கர்னல்' மேல் மட்டும் சுண்ணாம்பு அடித்திருக்கிறது. வெயிலில் பார்த்தால் பளீரென்று வெள்ளை. எழுத்தே தெரியாது.

ஆனால் சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். முதலில் 'ர்' மேல் இருக்கிற புள்ளி வரும். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக நீலமாக வெளியே வரும். முந்தாநாள் தூறலில் ஸ்கூட்டரில் போன ஒருவர் அதைப் பார்த்து, பழக்க தோஷத்தில், நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். நான் பார்த்தேன்.

இதை அகாடமிக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து போனில் டைப் செய்கிறேன். இன்று சனிக்கிழமை, மணி மூன்று ஐம்பது. புது பேட்ச் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள். நல்ல மழை. கேட்டுக்கு முன்னால் சுபேதார் அண்ணாச்சி குடை பிடித்து நிற்கிறார்.