ரீசெட் பட்டனில் ஓர் அன்லாக்

கசார்வாடி பட்டறையிலிருந்து போன் செய்த உரிமையாளர் இந்தியில் சொன்னது இவ்வளவுதான்: "மேடம், உங்க மெஷினை வந்து தூக்கிட்டுப் போயிடுங்க." கணபதி பண்டிகைக்காகச் சிக்கி எனும் கடலை மிட்டாயைப் பாக்கெட் போடும் மெஷின் அது. அதை இயக்கும் மென்பொருள், புனேயிலுள்ள எங்கள் சின்னக் கம்பெனியுடையது. புதிய கன்ட்ரோலர் போர்டோடு நாங்கள் அனுப்பிய முதல் மெஷின். அது திரும்பி வந்தால் அடுத்த ஆர்டர்கள் வராது.

நானும் ராஜேஷும் ஆட்டோ பிடித்துப் போனோம். ராஜேஷ் எங்கள் டீமில் ஸ்கிரீன் பகுதியை எழுதுபவன். புனேயின் விஷ்ராந்த்வாடியிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆபீஸில் சோதனை மேசையான டெஸ்ட் பெஞ்சில் எவ்வளவு ஓட்டியும் நிற்காத மென்பொருள், பட்டறையில் தினமும் ஸ்கிரீன் உறைந்து நின்றுகொண்டிருந்தது.

ஆபரேட்டர் சுனந்தா ஓட்டிக் காட்டினார். கிழிந்த பிளாஸ்டிக் தாளை எடுக்கப் பக்கக் கதவைத் திறந்தார், மூடினார், ரீசெட்டை அழுத்தினார். ஸ்கிரீன் உறைந்தது. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். அப்போதும் உறைந்தது. கோளாறு கடைசியில் கண்முன்னே வந்துவிட்டதே என்று எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து உரிமையாளர் முறைத்தார். எங்கள் டெஸ்ட் பெஞ்சில் கதவே கிடையாது. இரண்டு வயரை முறுக்கி, கதவு மூடியிருப்பதாக மென்பொருளை நம்ப வைத்திருந்தோம்.

லேப்டாப்பைத் திறந்து கோட் வரிகளைப் பார்த்தோம். எங்கள் மென்பொருளில் சென்சாரையும் ஸ்கிரீனையும் தனித்தனி த்ரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் தனி வேலைகள், பார்த்துக்கொள்கின்றன. மெஷினின் நிலையைக் குறிக்கும் முன், மற்றவை அதில் கைவைக்காதபடி சென்சார் த்ரெட் லாக் போடுகிறது. கதவு திறந்திருந்தால், அந்த லாக்கை விடாமலே பாதியில் வெளியேறிவிடுகிறது; ஸ்கிரீன் அது விடுபடக் காத்தே உறைந்துபோகிறது.

"அன்லாக் இருக்கு நா, அக்கா. ரீசெட் பட்டன்ல நான்தான் போட்டேன்" என்றான் ராஜேஷ்.

"ரீசெட் ஓடுறது ஸ்கிரீன் த்ரெட்ல. பூட்டுனது சென்சார் த்ரெட். இது எப்படித் திறக்கும்?"

"பழைய போர்டுல திறந்துச்சே."

அதுவும் உண்மைதான். பழைய போர்டு, எந்த த்ரெட் அன்லாக் செய்தாலும் விட்டுவிட்டது. புதியது, பூட்டிய த்ரெட்டைத் தவிர மற்றவற்றுக்குத் திறக்க மறுத்து, ஒரு எரர் எண்ணைத் திருப்பி அனுப்பியது. அந்த எண்ணை எங்கள் கோட் பார்க்கவேயில்லை.

ராஜேஷ் ரீசெட்டிலிருந்த அன்லாக்கை நீக்கினான். சென்சார் பகுதியில், எந்த வழியாக வெளியேறினாலும் லாக் தானாக விடுபடும்படி நான் மாற்றினேன். தேடியதில் இதே கோளாறு இன்னும் சில இடங்களிலும் இருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து மெஷினில் ஏற்றினோம்.

உரிமையாளர் நம்பவில்லை. தானே வந்து கதவைத் திறந்து, மூடி, ரீசெட்டை அழுத்தினார். ஓடியது. மறுபடி திறந்தார். போகப்போக அவருக்கே அது விளையாட்டாகிவிட்டது. கடைசியில் சுனந்தாதான், பாக்கெட் போடுகிற வேலை அப்படியே கிடக்கிறது என்று மராத்தியில் சொல்லி அவரை நகர்த்தினார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லாக் போட்ட த்ரெட்டே அதை விட வேண்டும், எந்த வழியில் வெளியேறினாலும் விட வேண்டும். முன்பு ஓடியதே என்று யாராவது சொன்னால், அதுவரை தவறு மாட்டிக்கொள்ளவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.