ஓட்டிப் பாக்கப் போன மாப்ள

என் தங்கச்சி புருஷனை அவன் ஆபீஸ்ல யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. ‘இன்னொருக்கா’ன்னுதான் கூப்பிடுவாங்க. லிஃப்ட் மெக்கானிக். ஒரு நட்டை முடுக்குவான், கையை எடுப்பான், “இன்னொருக்கா பாத்துடறேன்”னு திரும்பவும் ஸ்பேனரைப் போடுவான். வேலையில அது நல்ல குணம்தான், இல்லைங்கல. ஆனா வீட்லயும் அப்படித்தான். குடை வாங்கப் போனா கடையில இருக்கிற குடையெல்லாம் விரிச்சுப் பாத்துட்டு வெறுங்கையோட நனைஞ்சுக்கிட்டே வருவான். பொறந்த பையனுக்குப் பேர் வைக்க இவன் யோசிச்ச யோசனையில, புள்ள தவழ ஆரம்பிச்சப்புறமும் ‘டேய்’னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தோம்.

அவனுக்கு வண்டி வாங்கித் தர்ற பொறுப்பு என் தலையில விழுந்துச்சு. ஏன்னு கேக்காதீங்க. நான் செருப்புக் கடைக்காரன். எனக்கும் வண்டிக்கும் உள்ள சம்பந்தம், வண்டி ஓட்டறவன் காலுக்குச் செருப்பு விக்கறதோட சரி. ஆனா வாய் இருக்கு. வண்டி பேசி முடிக்க வாய் போதும்னு குடும்பத்துல ஒரு நம்பிக்கை.

வண்டி எதுக்குன்னு சொல்லிடறேன். யாராவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா ஆபீஸுக்குப் போன் வரும். கிட்டக்க இருக்கிற மெக்கானிக் ஓடணும். போன மாசம் ஒரு ஏழு மாடிக் கட்டடத்துல ஒரு அம்மா கைக்குழந்தையோட மாட்டிக்கிச்சு. மாப்ளைக்குத்தான் போன். இவன் பஸ்ஸுக்கு நின்னு, பஸ் மாறி, இறங்கி ஓடிப் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க இருந்தவங்க கடப்பாறையால கதவை நெம்பி உடைச்சு அந்த அம்மாவை வெளிய இழுத்துட்டாங்க. மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு நிக்க வச்சே சொல்லிட்டார். “திங்கக்கிழமை ஒண்ணாந்தேதி. அன்னைக்குச் சொந்த வண்டியோட வா. இல்லைன்னா குடோன்ல உக்காந்து போல்ட் பிரிச்சுக்கிட்டு இரு.” குடோன்னா சம்பளம் பாதி. தங்கச்சி அன்னைலேர்ந்து சரியா சாப்பிடல.

அப்படியும் நம்ம ஆள் பாத்த வண்டியெல்லாம் வேண்டாம்னுட்டான். ஒண்ணு புகை. ஒண்ணு மீட்டரைத் திருப்பி வச்சிருக்கான். இன்னொண்ணுல ஒரு குறையும் இல்ல. “விக்கிறவன் ரொம்ப சிரிக்கிறான் மச்சான், என்னமோ இருக்கு”ன்னுட்டான். கடைசியில ஞாயித்துக்கிழமை வந்துடுச்சு. விடிஞ்சா திங்கக்கிழமை. கையில மிச்சம் ஒரே ஒரு வண்டி.

வண்டிக்காரர் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். முட்டியில ஆபரேஷன் பண்ணினதால காலைத் தூக்கிப் போட முடியல, அதான் விக்கிறார். பக்கத்துல நிக்கிறவன்கிட்டக்கூட கடைசி சீட்டுக்குக் கேக்கற மாதிரிதான் பேசுவார். வண்டியைத் துடைச்சு வாசல்ல நிறுத்தி வச்சிருந்தார். கறுப்பு வண்டி, டேங்க்ல மட்டும் ஒரு பச்சைப் பட்டை. மாப்ள குனிஞ்சான், எஞ்சின்ல கையை வச்சான். சில்லுனு இருந்துச்சு. நாங்க வர்றதுக்கு முன்னாடி சூடு பண்ணி வைக்கலைன்னு அர்த்தம். ஒரே உதையில கிளம்புச்சு. மாப்ள மூஞ்சி லேசா மலர்ந்துச்சு. நான் உடனே அவன் காலை மிதிச்சேன். மலர்ந்தா விலை ஏறும்ல?

“ஓட்டிப் பாக்கலாமாண்ணே?”னு நான் கேட்டேன்.

“பாருங்க. ஆனா என் வழக்கம் ஒண்ணு இருக்கு. ஒரு ஆள் போகணும், ஒரு ஆள் இங்க உக்காரணும். வண்டி வந்தா ஆள் போலாம்.”

“என்னை அடகு வைக்கச் சொல்றீங்களா?”

“அடகுக் கடையில உங்களை வச்சா எவன் காசு தருவான்? சும்மா உக்காருங்க தம்பி.”

மாப்ள தோள்ல டூல்ஸ் பையோடவே ஏறினான். அந்தப் பையை அவன் குளிக்கும்போதுதான் கழட்டுவான். “கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வந்துடறேன் மச்சான்”னு போனான்.

நான் நாற்காலியைப் போட்டு உக்காந்து என் வேலையை ஆரம்பிச்சேன். என் வேலைன்னா, வண்டியை மட்டம் தட்டறது. “சைலன்சர்ல சத்தம் ஒரு மாதிரி வருதேண்ணே. சீட்டு வேற அமுங்கிப் போயிருக்கு, யாராவது கனமானவங்க உக்காந்தாங்களா?” அப்படின்னேன். உள்ளேர்ந்து டீ எடுத்துக்கிட்டு வந்த அவர் சம்சாரம் நின்னு என்னை ஒரு பார்வை பாத்தாங்க. நல்ல வாட்டசாட்டமான அம்மா. டீயில சக்கரை இல்ல. போட மறந்தாங்களா, நான் சொன்னது காதுல விழுந்துதான் போடலியான்னு தெரியல. நான் கேக்கல.

டீ முடிஞ்சுது. மாப்ள வரல.

“கடைத்தெரு எவ்வளவு தூரம் இருக்கும்ணே?”

“நடந்தே போய்ட்டு வந்திருக்கலாம் இந்நேரம்”னார் கண்டக்டர்.

“அவன் கொஞ்சம் நிதானம். இன்னொரு ரவுண்டு போயிருப்பான்.”

அப்பப் பாத்து ஒரு ஆள் வந்தார். கோழிக்கடைக்காரர். சட்டைப் பையில பணம் புடைச்சுக்கிட்டு நிக்குது. “வண்டி எங்க? நான் ஓட்டியெல்லாம் பாக்க வேண்டாம். சொன்ன விலை தரேன், சாவியைக் குடுங்க”ன்னார். பேரம் பேசாம வாங்கற ஆளை நான் கதையிலதான் கேட்டிருக்கேன், நேர்ல வந்து நிக்கிறார்.

“என்னண்ணே அவசரம்? மலிவா வருதுன்னு பாக்காதீங்க. மேடு ஏறாது. கோழி கட்டினா கோழிதான் இறங்கித் தள்ளணும்”னேன்.

கண்டக்டர் மூஞ்சி சிவந்துச்சு. “ஏன்யா, நீ ஏறிப் பாத்தியா? ஏறினது உன் மாப்ள. அந்த ஆளையே காணோம்.”

கோழிக்கடைக்காரர் அவரையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தார். “வண்டி வந்ததும் ஒரு போன் போடுங்க, உடனே வரேன்”னுட்டு நம்பர் குடுத்துட்டுப் போனார். கண்டக்டர் அந்த நம்பரைப் போன்ல பதிஞ்சுக்கிட்டு எழுந்தார், நொண்டி நொண்டிப் போய் கேட்டைச் சாத்தினார். சாத்தினது மட்டுமில்ல, பூட்டினார்.

“என்னண்ணே இது?”

“மாப்ளைக்குப் போன் போடு.”

போட்டேன். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ன்னு ஒரு பொண்ணு ரொம்ப மரியாதையா சொல்லிச்சு. திரும்பப் போட்டேன். அதே பொண்ணு, அதே மரியாதை.

“முன்னாடி என் வண்டி ஒண்ணு இப்படித்தான் போச்சு”ன்னார் கண்டக்டர். “தம்பியை உக்கார வச்சுட்டு அண்ணன் ஓட்டிப் பாக்கப் போனான். கடைசியில பாத்தா அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. பஸ் ஸ்டாண்டுல பழக்கமானவங்களாம். உக்காந்திருந்தவன் ஒண்ணுக்குப் போறேன்னு பின்பக்கமா ஓடிட்டான்.”

“எனக்கு ஒண்ணுக்கே வரலண்ணே”ன்னேன். வந்துச்சு, அது வேற விஷயம்.

“இன்னும் கொஞ்ச நேரம் பாப்பேன். அப்புறம் நேரா ஸ்டேஷன். நீ அங்க வந்து கதை விடு.”

ஸ்டேஷன்னதும் கடையில என்னை எல்லாரும் எப்படிப் பேசுவாங்கன்னு யோசிச்சேன். என் சம்சாரம் என்ன பேசுவான்னு யோசிக்கல, அதுக்கு தைரியம் இல்ல. ஆனா சத்தியமா சொல்றேன், அப்ப வரைக்கும் எனக்கு பயம் எல்லாம் என்னைப் பத்தித்தான். மாப்ள திருடன் இல்லைன்னு எனக்குத் தெரியும். வண்டியைத் திருடணும்னாக்கூட எந்தப் பக்கம் ஓடலாம்னு சாயங்காலம் வரைக்கும் யோசிப்பான்.

அப்பதான் வாசப்படியில நின்ன அந்த அம்மா புருஷனைப் பாத்து மெல்லக் கேட்டாங்க. “ஏங்க, பிரேக்கைச் சொன்னீங்களா?”

கண்டக்டர் தெருவைப் பாத்தார்.

“உங்களைத்தான். பின் பிரேக் பிடிக்கலையே, அந்தப் பையன்கிட்டச் சொல்லிட்டீங்களா இல்லையா?”

“கொஞ்சம் லூசு. அவ்வளவுதான். அப்புறம் சொல்லலாம்னு…”

நாற்காலி பின்னாடி சாய நான் எழுந்துட்டேன். “என்னண்ணே சொல்றீங்க? பிரேக் இல்லாத வண்டியையா குடுத்தனுப்பினீங்க?”

“முன் பிரேக் இருக்குய்யா!”

இப்ப அந்தக் குரல்ல பழைய சத்தம் இல்ல. என் தங்கச்சி மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. கடைத்தெருவுக்கு இறங்கற ரோடு செங்குத்தா இருக்கும், வர்றப்போ பாத்திருந்தேன். கீழ மெயின் ரோடு, லாரி போற ரோடு. இவ்வளவு நேரம் பேசின வாய் ஒட்டிக்கிச்சு. கண்டக்டர் சாவியை எடுத்தார், பூட்டுல போட்டார், சாவி நழுவிக் கீழ விழுந்துச்சு. முட்டி மடங்காத மனுஷன் குனிய முடியாம நிக்கிறார். நான் எடுத்துத் திறந்தேன். ரெண்டு பேரும் தெருமுனை வரைக்கும் போனோம், அவர் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு. கொஞ்ச நேரம் முன்னாடி என்னைப் பூட்டி வச்ச ஆள்.

தெருமுனையில நின்னு கீழ பாத்தா கூட்டம் ஒண்ணும் இல்ல. அதைப் பாத்து நிம்மதிப்படறதா, எங்கயோ தள்ளிப் போய் விழுந்திருப்பான்னு பயப்படறதான்னு தெரியல.

“வருது”ன்னார் கண்டக்டர்.

எனக்கு ஒண்ணும் கேக்கல. அவர் தலையைச் சாச்சு நின்னார். “என் வண்டிதான்.” அப்புறமாத்தான் எனக்குக் கேட்டுச்சு. மாப்ள மேட்டுல ஏறி வந்தான். கையெல்லாம் கிரீஸ், நெத்தியில கரி. மூஞ்சியில இருந்தது சிரிப்பா அழுகையான்னு கண்டுபிடிக்க முடியல.

“எங்கடா போய்த் தொலைஞ்ச!”ன்னு கத்தினேன். தங்கச்சி புருஷனை அதுக்கு முன்னாடி நான் டா போட்டதே இல்ல.

“லிஃப்ட் மச்சான்”னான். “கடைத்தெரு தாண்டினதும் ஆபீஸ்லேர்ந்து போன். யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு. எனக்குக் கீழ வண்டி ஓடிக்கிட்டு இருக்கு. நான் என்ன பண்றது?”

“எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?”

“போட்டா நீங்க இவர்கிட்டச் சொல்வீங்க. இவர் திரும்பி வான்னு சொல்வார். திரும்பினா அங்க மறுபடியும் கடப்பாறை.”

சொல்லிட்டுக் கண்டக்டரைப் பாத்தான். கண்டக்டருக்கு உயிர் வந்துடுச்சு, உயிரோட சேர்ந்து கோவமும் வந்துடுச்சு. “என் வண்டியை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனியா? எவன்கிட்டக் கேட்ட?”

“கேக்கலைங்கய்யா. தப்புதான்.”

இதோட நிறுத்தியிருக்கலாம். நான் காலைத் தேடறேன் மிதிக்கறதுக்கு. அவன் வண்டி மேல உக்காந்திருக்கான், கால் எட்டல. அவன் பாட்டுக்கு எல்லாத்தையும் கொட்டிட்டான். “சூப்பர்வைசரும் அங்க வந்துட்டாருங்கய்யா. வாசல்ல வண்டியைப் பாத்துட்டு ‘யாருதுடா?’ன்னார். என்னுதுன்னு சொல்லிட்டேன். ‘நாளையிலேர்ந்து நீதான் அவசர டியூட்டி’ன்னுட்டார். அதனால இந்த வண்டிதான் எனக்கு வேணும். வேற வண்டியோட போனா பொய் தெரிஞ்சுடும்.”

நான் தலையில கையை வச்சுக்கிட்டேன். விலை பேச வந்த இடத்துல, இந்த வண்டி இல்லைன்னா என் பொழப்பு போச்சுன்னு விக்கிறவன்கிட்டயே சொல்ற ஆளை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்துக்கிட்டு நின்னேன்.

கண்டக்டர் பையிலேர்ந்து போனை எடுத்தார். கோழிக்கடைக்காரருக்குத்தான்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு. மாப்ளைக்கு அது யாருன்னே தெரியாது. கண்டக்டர் கட்டை விரலை போன் மேல வச்சுக்கிட்டு அவனையே பாத்தார்.

“உன் மச்சான் இந்த வண்டி மேடு ஏறாதுன்னான். சைலன்சர் சரியில்லைன்னான். நீ என்ன சொல்ற?”

மாப்ள என்னைப் பாத்தான். நான் கண்ணால கெஞ்சினேன்.

“மேடு நல்லா ஏறுதுங்கய்யா. சைலன்சர்ல ஒண்ணும் இல்ல. பின் பிரேக்தான் பிடிக்கல, இறக்கத்துல போறப்போ உயிர் போய்த் திரும்பிச்சு. லிஃப்ட் வேலை முடிஞ்சதும் அங்கயே முடுக்கிட்டேன். இப்ப பிடிக்குது.”

கண்டக்டர் தலை குனிஞ்சுது. போனைத் திரும்பப் பையில போட்டார். முப்பது வருஷம் டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியெல்லாம் பாத்த மனுஷன்; இப்ப அவர் மூஞ்சிதான் அப்படி இருந்துச்சு.

“சொன்ன விலை”ன்னார், மெதுவா. “ஒரு காசு குறைக்க மாட்டேன்.”

“சரிங்கய்யா”ன்னான் மாப்ள. அவ்வளவுதான். குடை வாங்கத் தெரியாத பய, ஒரு வார்த்தையில வண்டி வாங்கிட்டான். நான் ஒரு மணி நேரமா சக்கரை இல்லாத டீ குடிச்சுப் பேசினதெல்லாம் தண்டம்.

கண்டக்டர் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அந்த அம்மா விஷயத்தைக் கேட்டுட்டு, “எரிஞ்ச பெட்ரோலைக் கேக்காதீங்க. பிரேக்குக்கு அது சரியாப் போச்சு”ன்னு புருஷன்கிட்ட ஒரே வார்த்தையில முடிச்சுட்டு உள்ள போய்ட்டாங்க. பேப்பர்ல கையெழுத்துப் போட்டார். பணத்தைக் குடுத்தோம்.

வெளிய வந்து நான் பின்னாடி ஏறினப்புறமும் மாப்ள வண்டியை எடுக்கல. கை ரெண்டையும் ஹாண்டில்ல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். பின்னாடியிருந்து பாத்தா தோள் ஆடுது.

“என்ன மாப்ள?”

“மேல டவர் கிடைக்காத மெஷின் ரூமுக்கு ஏறி, லிஃப்ட் பிரேக்கை விடுவிச்சு, சக்கரத்தைக் கையால சுத்தி லிஃப்ட்டைக் கீழ இறக்கினேன் மச்சான். கதவுகிட்ட ஓடி வந்தா உள்ளேர்ந்து ஒரு பெரியவர் குரல். ‘யாராவது இருக்கீங்களா’ன்னு. ‘வந்துட்டேங்கய்யா’ன்னேன். போன தடவை நான் போனப்போ உள்ள யாருமே இல்ல. உடைஞ்ச கதவு மட்டும்தான் கிடந்துச்சு.”

முதுகுல ரெண்டு தட்டு தட்டினேன். வண்டியை எடுத்தான்.

திங்கக்கிழமை அவசர டியூட்டியில சேர்ந்தான். தங்கச்சி இப்ப நல்லா சாப்பிடறா. ஆனா டேங்க்ல அந்தப் பச்சைப் பட்டை அசிங்கமா இருக்காம், வண்டி பேசப் போன ஆளுக்குக் கண்ணு எங்க போச்சுன்னு என்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா.